மணலுக்கு நீலம் பூச மாட்டேன்

தம்பி,

நேற்று தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். உன்னைப் பெற்ற அம்மா எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்திருக்கிறாய். கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் இதுதான்: அந்த வரைபடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ கேட்டாலும் மாட்டேன், உன்னுடைய வருங்கால மாமனார் கேட்டாலும் மாட்டேன், தை மாதக் கலியாணம் குழம்பிவிடும் என்று பயமுறுத்தினாலும் மாட்டேன். இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்க வேண்டாம். சுமதிக்கு வாசித்துக் காட்டு. அவளுடைய அப்பாவுக்குக் காட்டு. கலியாண வேலைக்கென்று சிட்னியில் அவர்களுடைய ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுக் குசினியில் கூடியிருக்கிற அன்ரிமாருக்கும் சத்தமாக வாசி. உறையை ஒட்டாமலே அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன், தபால்காரனுக்குத் தமிழ் தெரியாதே என்றுதான் ஒட்டுகிறேன்.

சுமதிக்கு நீ பாதிக் கதையைத்தான் சொல்லியிருப்பாய், அதுவும் உனக்கு வசதியான பாதியை. அவளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், நீயும் கூட இருந்து கேள். மெல்பேர்ன் நகருக்குள் ஒரு சின்னக் கம்பெனியில் நான் வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து மற்றவர்கள் கரையையும் தீவையும் வரைவார்கள். அவர்கள் வரைந்தது படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மூலையில் கையெழுத்து வைப்பது என் வேலை. ஊரில் அரசாங்க உத்தியோகத்தில் வரைபடம் வரைந்து பழகின கை இது. ஆனாலும் வந்த புதிதில் இங்கே ஒருத்தரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. டண்டினொங்கில் தக்காளி அடைக்கிற ஆலையில் டின்களுக்கு மூடி பார்த்துக்கொண்டு நின்றேன். சுமதியின் அப்பாவுக்கு, அதுதான் எங்கள் டொக்டருக்கு, இந்தக் கம்பெனி முதலாளியைத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னார், வேலை கிடைத்தது. அதற்கு நான் நன்றி சொல்லவில்லை என்று எவரும் வாய் திறக்க முடியாது. பலகாரத்தைக் கட்டிக்கொண்டு, உன்னையும் இழுத்துக்கொண்டு சிட்னிக்கு ரயிலேறிப் போய்ச் சொன்னவள் நான். அந்த வீட்டு விறாந்தையில்தான் நீயும் சுமதியும் முதன்முதலாக ஒருத்தரை ஒருத்தர் பார்த்தீர்கள். அதையும் டொக்டர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டண்டினொங்கிலிருந்து காரில் மூன்று மணித்தியாலம் போனால் போர்ட் அல்பேர்ட் என்ற சின்ன மீன்பிடி ஊர் வரும். அதற்கு முன்னால், பெருங்கடலுக்கும் கரைக்கும் நடுவே, நீள நீளமாக மணல் தீவுகள் கிடக்கின்றன. கடல் அடிக்கிற அடியையெல்லாம் அவைதான் வாங்கிக்கொள்கின்றன. உள்பக்கத்தில் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். தடுப்புத் தீவுகள் என்று எங்கள் வேலையில் சொல்வோம். அவை நின்ற இடத்தில் நிற்காது. ஒரு முனையில் மணல் சேரும், மறு முனை கரையும். புயல் அடித்தால் இரண்டு தீவுகளுக்கு நடுவே வாய் திறக்கும், கொஞ்சக் காலத்தில் அது தானாகவே தூர்ந்துபோகும். தீவுகளுக்கு வெளியே, கடல் பக்கம், தண்ணீருக்கு அடியில் மணல் திட்டுகள் மறைந்து கிடக்கின்றன. பெரிய அலை அவற்றில் தட்டித்தான் உடைகிறது. படகு ஒன்று அங்கே தரைதட்டி நின்றால், அடுத்த அலை அதைக் குப்புறக் கவிழ்த்துவிடும். விடுமுறை வந்தால் மெல்பேர்ன் சனம் காருக்குப் பின்னால் தகரப் படகைக் கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு அங்கேதான் ஓடுகிறது. அவர்களுக்கு விற்கத்தான் கம்பெனி இந்த வரைபடத்தைப் போடுகிறது.

அந்த வரைபடத்தில் இரண்டு தீவுகளுக்கு நடுவே அழகான நீல வழி ஒன்று வரைந்திருந்தது. பெரிய தீவு, சின்னத் தீவு என்று வைத்துக்கொள். உள்பக்கத்திலிருந்து நேரே பெருங்கடலுக்குப் போகலாம், கடல் நன்றாக வற்றின நேரத்திலும் இரண்டு மீற்றர் ஆழம் என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு மீற்றரும் ஏதோ பழைய வரைபடத்திலிருந்து எடுத்தது. எனக்கு ஏதோ இடித்தது. விமானப் படங்களை எடுத்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பெரிய தீவு இருந்த படத்தில் மரங்களின் நிழல் மேற்குப் பக்கம் சாய்ந்திருந்தது. சின்னத் தீவு இருந்த படத்தில் கிழக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. விளங்குகிறதா? ஒன்று காலையில் எடுத்தது, மற்றது பின்னேரம் எடுத்தது. காலையில் கடல் வற்றிக் கிடந்தது, பின்னேரம் பெருகி நின்றது. இரண்டு படத்தையும் அருகருகே ஒட்டியபோது, ஒட்டின கோடு அந்த வாயின் நட்டநடுவே வந்துவிட்டது. வரைந்த பொடியன் பின்னேரத்துப் பெருக்குத் தண்ணீரைக் காலைநேரத்துச் சிற்றோடையோடு இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டான். அவன் வரைந்த வழி காலையிலும் அங்கே இருக்கவில்லை, பின்னேரமும் இருக்கவில்லை. அவனுடைய மேசையில்தான் இருந்தது.

மனேஜர் கெவினிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கெவின் கெட்ட மனிதன் இல்லை, ஆனால் கிறிஸ்மஸுக்கு முன்னால் வரைபடம் கடைகளுக்குப் போக வேண்டும் என்று தலையில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன். நிழலைக் காட்டினேன், ஒட்டின கோட்டைக் காட்டினேன். "நீங்கள் அந்த இடத்துக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டான். "இல்லை, பெண்களைப் படகு வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றேன். சிரித்துவிட்டு, "பிறகென்ன?" என்றான். அந்தப் "பிறகென்ன" என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வருகிற ரயில் முழுக்க அதே சத்தம்தான்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு என்னைத் தெரியும். இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் ஏதும் உண்டோ என்று கேட்டபோது, அவர் இல்லை என்று தலையாட்ட, "ஓம், இருக்கு" என்று பெட்டியைத் திறந்தவள் அல்லவா நான். கருவாடு, மோர்மிளகாய், மாமி வறுத்து இடித்துத் தந்த தூள் எல்லாவற்றையும் கையுறை போட்ட ஒருவன் தொட்டிக்குள் கொட்டினான். கனகாலம் உறைப்பில்லாமல் சாப்பிட்டோம். ஒவ்வொரு கோப்பைச் சோற்றுக்கும் நீ என்னைத் திட்டினாய். தூள் போனதற்கு நானும்தான் அழுதேன். ஆனால் பெட்டியைத் திறந்ததற்கு அன்றும் வருத்தப்படவில்லை, இன்றும் இல்லை. ஆகவே அப்பா என்னோடு வாதாடவில்லை.

"இஞ்சாரும், இப்ப என்ன செய்யப் போறீர்?"

"போய் அளக்கப் போறன்."

"ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"வேற ஆர், நீங்கள்தான்."

போன கிழமைக்கு முந்தின சனிக்கிழமை விடியவே எங்கள் ஹோல்டன் காரில் புறப்பட்டோம். நீ அன்று சுமதியோடு கூறைச்சேலை பார்க்கப் போயிருந்தாய், அதனால் உன்னிடம் சொல்லவில்லை. கயிறு ஒன்றில் ஈயக்குண்டு கட்டி, அரை மீற்றருக்கு ஒரு முடிச்சும் மீற்றருக்கு ஒரு பழைய சேலைத்துண்டும் வைத்திருந்தேன். குண்டின் அடியில் சவர்க்காரம் அப்பியிருந்தேன். கீழே மணலா சேறா என்று அதில் ஒட்டிக்கொண்டு வரும். போர்ட் அல்பேர்ட்டில் தூண்டில் இரை விற்கிற கடைக்காரர் படகும் வாடகைக்குத் தருகிறார். என் சேலையை ஒருதரம் பார்த்தார், அப்பாவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். மீன் பிடிக்கவா என்று கேட்டார். தண்ணீர் அளக்க என்றேன். வாடகையை வாங்கிக்கொண்டு, மோட்டரை எப்படி இழுத்துக் கிளப்புவது என்று காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உன் அப்பா குளத்தைக் கண்டாலே வயிறு பிரட்டுகிற மனிதர் என்று உனக்குத் தெரியும். கடல் வற்றத் தொடங்கியிருந்தது. தீவுகளின் உள்பக்கமாகவே போய், வாய்க்கு நேரே வந்ததும் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னே போகச் சொன்னேன். ஒரு கையால் மோட்டரையும் மறு கையால் கயிற்றின் அடுத்த முனையையும் பிடித்துக்கொண்டு அவர் புலம்பின புலம்பலை நீ கேட்டிருக்க வேண்டும்.

"இஞ்சாரும், எனக்குச் சத்தி வருது."

"வெளியால எடுங்கோ. கயித்தை மட்டும் விட்டிடாதேங்கோ."

"நான் கணக்குப் படிப்பிச்ச வாத்தி. எனக்கேன் இந்தச் சனியன் பிடிச்ச வேலை?"

"கணக்குத்தானே பார்க்கச் சொல்லுறன். எத்தினை முடிச்சு?"

"மூண்டு... ரெண்டு... ஐயோ, ஒண்டு!"

அவர் "ஒண்டு" என்று சொல்லி வாயை மூடவில்லை, படகு கரகரவென்று மணலில் ஏறி நின்றுவிட்டது. கம்பெனி நீலம் பூசி இரண்டு மீற்றர் என்று எழுதின அதே இடம். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அப்பா "ஐயோ, ஐயோ" என்று கத்தினார். தண்ணீர் என் முழங்காலுக்கு வந்தது, அவ்வளவுதான். நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தேன். வலப்பக்கம் பெரிய தீவு, இடப்பக்கம் சின்னத் தீவு, எதிரே கொஞ்சத் தூரத்தில் வெளித்திட்டில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமாகக் கரைகளை மேசையில் குனிந்து பார்த்தவள், ஒன்றின் மேல் காலை ஊன்றி நின்றது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் சிரித்தேன், தம்பி. ஐம்பத்தாறு வயதில் நடுக்கடலில் நின்று பைத்தியம்போலச் சிரித்தேன். "கமராவை எடுங்கோ" என்றேன். அந்தப் பச்சை முகத்தோடும் அப்பா ஒழுங்காகப் படம் எடுத்தார். பிறகு படகைத் தள்ளி மிதக்கவிட்டு, பெருக்கு வரும்வரை இருந்து வாய் முழுக்க அளந்தோம். கடல் பெருகின நேரத்திலும் வெளியே போகிற அளவுக்கு ஆழம் எங்கேயும் இல்லை.

திரும்பி வந்தால் இரைக்கடைச் சுவரில் என்ன தொங்குகிறது என்று நினைக்கிறாய்? அதே வரைபடம். அச்சுக்கு முந்தின மாதிரிப் பிரதி ஒன்றைக் கம்பெனி விளம்பரத்துக்காக அங்கே முன்கூட்டியே அனுப்பியிருக்கிறது. ஒரு மனிதன் அதன் முன்னால் நின்று, நான் நின்ற இடத்தின் மேல் விரலை வைத்துத் தன் மகளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரரிடம் ஒரு கடதாசி வாங்கி, இந்த வாயில் வழி இல்லை, நான் இறங்கி நின்று அளந்தேன் என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே என் முழுப்பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் போட்டேன். பக்கத்தில் குத்தலாமா என்று கேட்டேன். தனக்கு ஆட்சேபம் இல்லை என்று குண்டூசியை அவரே எடுத்துத் தந்தார்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். யாரோ அதைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்கே தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கெவின் என்னைக் கூப்பிட்டான். நான் முழங்கால் தண்ணீரில் நிற்கிற படத்தை அவன் மேசையில் வைத்தேன். "கடல் வற்றின நேரத்தில் எடுத்த படம் இது" என்றான். "வற்றின நேரத்து ஆழத்தைத்தான் வரைபடத்தில் எழுத வேண்டும், அதைக்கூடவா நான் சொல்லித்தர வேண்டும்?" என்றேன். மணல் அசையும், அடுத்த வருடம் அந்த வாய் திறந்தாலும் திறக்கும், கம்பெனி பொறுப்பல்ல என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது என்றான். திங்கட்கிழமைக்கு முன் கடதாசியைக் கழற்ற வேண்டும், வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வர வேண்டாம் என்றான். சனிக்கிழமை டொக்டர் தொலைபேசியில் எடுத்தார். "நான் சொல்லித்தானே உங்களை எடுத்தவங்கள். என்ர முகத்தையும் ஒருக்கா யோசியுங்கோ. சம்பந்தம் செய்யப் போற இடத்தில இப்பிடி நடந்தால் எப்பிடி?" என்றார். ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தாய். மூன்று பேரில் உன்னுடைய குரல்தான் என்னைச் சுட்டது.

"இட்ஸ் ஜஸ்ட் எ மெப், அம்மா" என்றாய். உன்னைப் படிப்பித்த சம்பளம் அந்த வெறும் மெப்பிலிருந்துதான் வந்தது, அது கிடக்கட்டும். "எங்களை எடுத்த நாடம்மா, தலையைக் குனிஞ்சுகொண்டு போங்கோவன்" என்றாய். அடே, எடுத்த நாட்டுக்கு நன்றி என்று அந்த நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோய் மணல் திட்டில் ஏற்றிவிடச் சொல்கிறாயா? எந்த ஊர் நன்றி அது? ஒரு உதவி செய்தவர் என் வாயை விலைக்கு வாங்கினவர் இல்லை. டொக்டர் செய்த உதவி பெரியது, நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவருக்கு நோய் என்றால் படுக்கையருகே இருந்து பார்ப்பேன், அவர் வீட்டில் விசேஷம் என்றால் முதல் ஆளாகப் போய்த் தேங்காய் துருவுவேன். தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் எழுத மாட்டேன்.

"கலியாணத்தைக் குழப்பிப்போடாதேங்கோ" என்றும் சொன்னாய். அதைக் கேட்டபோதுதான் வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நீ என்னைவிட்டு விலகிவிடுவாயோ என்று பயம். தை மாதம் மணவறையில் உன் பக்கத்தில் வேறு யாராவது நின்று தாய் செய்ய வேண்டியதைச் செய்வார்களோ என்று பயம். இருக்கிற ஒரே பிள்ளை நீ. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் மாட்டேன் என்கிறேன், கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதே. நீ குடும்பம் நடத்தப் போகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். சுமதி எப்போதாவது உன் முகத்துக்கு நேரே, "இது பிழை, நான் செய்ய மாட்டேன்" என்று சொன்னால், அவளுடைய வாயை அடைக்க ஊரைக் கூட்டாதே. முதலில் அவள் எதைப் பார்த்தாள் என்று கேள். நேற்று முழுக்க நீ பேசினாய், "அம்மா, அங்க எவ்வளவு தண்ணி நிண்டது?" என்று ஒருதரம்கூட நீ கேட்கவில்லை.

இன்று காலை வேலைக்குப் போனேன். வரைபடத்தைக் கெவினின் மேசையில் வைத்தேன். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது. வாயின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன். என்னுடைய பூதக்கண்ணாடியையும் தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். வெளியே ஹோல்டன் நிற்கிறது. தன் ஆலை வேலைக்கு ஒருநாளும் லீவு போடாத உன் அப்பா உள்ளே இருக்கிறார். "கடதாசியைக் கழட்டச் சொன்னவங்களே?" என்று கேட்டார். "சொன்னவங்கள்." "கழட்டப் போறீரோ?" "இல்லை." "அப்ப ஏறும்" என்றார். வழியில் எனக்கு அழுகை வந்தது, அவர் பார்க்காததுபோலக் காரோட்டினார்.

கலியாணத்துக்கு நான் வருவேன். அழைத்தாலும் வருவேன், அழைக்காவிட்டாலும் வருவேன். டொக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறு பக்கம் போய் நின்று வணக்கம் சொல்வேன். வேலையை ஏன் விட்டாய் என்று சபையில் யாராவது கேட்டால், இந்தக் கடிதத்தில் இருப்பதை ஒரு சொல் குறைக்காமல் சொல்வேன்.

இதோடு முடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தபோது தொலைபேசி அடித்தது. நீதான் என்று ஓடினேன், கதிரையில் இடித்துக்கொண்டு ஓடினேன். நீ இல்லை. யாரோ ஒரு பெண், இரைக்கடையிலிருந்து பேசினாள். பின்னால் பிள்ளைகள் கூச்சல் போடுகிற சத்தம் கேட்டது. "இந்தக் கடதாசி எழுதினது நீங்களா? என் புருஷன் படகைத் தண்ணீரில் இறக்கிப் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டார். சுவரிலிருக்கிற வரைபடம் அந்த வழியாகப் போகலாம் என்கிறது, நீங்கள் வழி இல்லை என்கிறீர்கள். நான் யாரை நம்புவது?" என்றாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். மூன்று, கடைசிக்கு நாலு வயது என்றாள். "நான் அந்த இடத்தில் இறங்கி நின்றேன். முழங்கால் தண்ணீர். அதற்கு வெளியே அலை உடைகிறது. போகாதீர்கள்" என்றேன். அவள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, வெளியே பார்த்துப் புருஷனுடைய பெயரைச் சொல்லிக் கத்தினது எனக்குக் கேட்டது. ஒருதரம், இரண்டுதரம், பிறகு இன்னும் பலமாக. நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். பிறகு மோட்டர் நிற்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள், "ஏனம்மா இறங்கச் சொல்லுறீங்கள்?" என்று சிணுங்குகிற சத்தம் கேட்டது.

இப்போது எடுத்துக் கேள் தம்பி, கையெழுத்துப் போடுவேனா என்று.

அம்மா